ஒரு நிறத்துக்கு ஒரு கட்டை

ஜவ்வாது மலையில் உள்ள காவலூரைப் பற்றி நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். திருப்பத்தூர் மாவட்டத்தில், கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 725 மீட்டர் உயரத்தில் இருக்கும் மலைக் கிராமம் அது. 1968ஆம் ஆண்டு 38 சென்டிமீட்டர் தொலைநோக்கி ஒன்றுடன் அங்கே வானாய்வு தொடங்கியது. 1972இல் 1 மீட்டர் தொலைநோக்கி வந்தது. 1986 ஜனவரியில் 2.34 மீட்டர் ஆடி கொண்ட பெரிய தொலைநோக்கி தொடங்கி வைக்கப்பட்டது. அதற்கு வைணு பாப்பு என்ற வானியல் அறிஞரின் பெயர் சூட்டப்பட்டுள்ளது.

இத்தகைய பெரிய தொலைநோக்கிகளில் பொருத்தும் கேமராவைப் பற்றி ஒரு வேடிக்கையான செய்தி தெரியுமா? அதற்கு நிறம் தெரியாது! எவ்வளவு ஒளி வந்து விழுந்தது என்பதை மட்டுமே அது அளக்கும். வந்தது சிவப்பு ஒளியா, நீல ஒளியா என்று அதனிடம் கேட்டால் பதில் வராது. அது தருவது கறுப்பு வெள்ளைப் படம்தான்.

அப்படியானால் வண்ண வண்ணமாக ஜொலிக்கும் விண்மீன் மேகங்களின் படங்கள் எப்படிக் கிடைக்கின்றன? கேமராவுக்கு முன்னால் ஒரு சிவப்பு வடிகட்டியை வைத்து ஒரு படம் எடுக்கிறார்கள். பிறகு பச்சை வடிகட்டி வைத்து ஒன்று. பிறகு நீல வடிகட்டி வைத்து இன்னொன்று. மூன்றும் தனித்தனிப் படங்கள். கடைசியில் மூன்றுக்கும் உரிய நிறத்தைக் கொடுத்து, ஒன்றின் மேல் ஒன்றை வைத்துச் சேர்க்கிறார்கள். வண்ணப்படம் பிறந்துவிடுகிறது!

கேட்பதற்கு எளிதாக இருக்கிறது அல்லவா? ஆனால் ஒரு சிக்கல் இருக்கிறது. மூன்று படங்களும் மயிரிழை பிசகாமல் பொருந்த வேண்டும். கொஞ்சம் விலகினாலும் போதும், ஒவ்வொரு விண்மீனுக்கும் ஒரு பக்கம் சிவப்பு விளிம்பும் மறுபக்கம் நீல விளிம்பும் முளைத்துவிடும். மலிவான தீப்பெட்டிப் படங்களிலும் நாட்காட்டிகளிலும் இதைப் பார்த்திருப்பீர்கள். முருகன் படத்தில் உதட்டுச் சிவப்பு உதட்டில் இல்லாமல் கன்னத்துக்கு நகர்ந்திருக்கும்! அச்சகத்தில் இதை 'ரிஜிஸ்டர் சரியில்லை' என்பார்கள்.

நிறங்களைத் தனித்தனியாகப் பிரிப்பது. பிறகு பிசகாமல் பொருத்துவது. இந்த இரண்டு வேலைகளையும் இருநூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்பே சிலர் அற்புதமாகச் செய்து காட்டினார்கள். அவர்களிடம் கணிப்பொறி இல்லை. அச்சு இயந்திரமும் இல்லை. உளி, மரக்கட்டை, தாள், அரிசிப் பசை ஆகியவைதான் இருந்தன. அவர்கள் ஜப்பான் நாட்டு மரச்செதுக்குக் கலைஞர்கள். அவர்கள் விரும்பி அச்சிட்ட காட்சிகளில் முக்கியமானவை எவை தெரியுமா? தங்கள் தெருவிலும் பேட்டையிலும் இருந்த கோயில்கள்!

தெருவுக்குத் தெரு கோயில்

இன்றைய டோக்கியோ நகருக்கு அன்று எடோ என்று பெயர். பதினெட்டாம் நூற்றாண்டிலேயே ஏறத்தாழ பத்து லட்சம் மக்கள் வாழ்ந்த பெருநகரம் அது. வீடுகள், கடைகள், கோயில்கள் எல்லாம் பெரும்பாலும் மரத்தால் ஆனவை.

அங்கே இரண்டு வகைக் கோயில்கள் உண்டு. ஒன்று, ஷின்டோ ஆலயம். இரண்டு மரத் தூண்கள், அவற்றின் மேல் குறுக்கே இரண்டு உத்திரங்கள். இப்படி ஒரு வாயில் நின்றால் உள்ளே ஷின்டோ ஆலயம் என்று பொருள். நம் ஊர்த் தோரண வாயிலைப் போலத் தோன்றும் இதற்கு அவர்கள் 'தோரி' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். மற்றொன்று, புத்த விகாரம். சிலவற்றில் ஐந்து அடுக்குக் கோபுரமும் இருக்கும்.

நம் கிராமத்து அய்யனார் கோயிலில் மண் குதிரைகள் நிற்பதைப் பார்த்திருக்கிறீர்கள். அதுபோல இனாரி என்னும் நெல் தெய்வத்தின் ஆலயங்களில் நரிச் சிலைகள் காவல் இருக்கும். எடோவில் இத்தகைய சிறு ஆலயங்கள் ஏராளம்.

இந்தக் கோயில்களையும், அவற்றின் குளங்களையும், திருவிழாக்களையும், அங்கே பூத்த மரங்களையும் படமாக அச்சிட்டு விற்றார்கள். வாங்கியவர்கள் அரசர்கள் அல்லர், சாதாரண மக்கள். ஒரு கிண்ணம் நூடுல்ஸ் சாப்பிடும் காசை ஒட்டியே ஒரு படத்தின் விலை இருந்தது. வெளியூரிலிருந்து எடோவுக்கு வந்தவர் ஊருக்குத் திரும்பும்போது நாலைந்து படங்களைச் சுருட்டி எடுத்துக்கொண்டு போவார். அவ்வளவு மலிவாக வண்ணப்படம் தர எப்படி முடிந்தது? அதற்குப் பதில் அந்தத் தொழில் நடந்த முறையில் இருக்கிறது.

நான்கு பேர் சேர்ந்து ஒரு படம்

ஒரு படத்துக்கு நான்கு பேர் வேண்டும். பணம் போட்டு வேலையை நடத்தும் பதிப்பாளர், படம் வரையும் ஓவியர், கட்டை செதுக்குபவர், அச்சிடுபவர். ஓவியரின் பெயர் மட்டுமே பெரும்பாலும் நமக்குத் தெரிகிறது. ஆனால் மற்ற மூவரில் ஒருவர் இல்லாவிட்டாலும் படம் இல்லை.

ஓவியர் மெல்லிய தாளில் கறுப்புக் கோடுகளால் படத்தை வரைந்து கொடுப்பார். செதுக்குபவர் அந்தத் தாளைக் கவிழ்த்து ஒரு மரப்பலகையின் மேல் ஒட்டுவார். ஏன் கவிழ்க்க வேண்டும்? நீங்களே சொல்லுங்கள்! உங்கள் பள்ளியின் ரப்பர் முத்திரையை உற்றுப் பாருங்கள். எழுத்துகள் இடவலம் மாறி இருக்கும். அச்சிடும்போதுதான் நேராகும். இங்கும் அதே கதைதான்.

பிறகு கோடுகளை மட்டும் விட்டுவிட்டு, இடைப்பட்ட மரத்தையெல்லாம் உளியால் எடுத்துவிடுவார். கோடுகள் மேடாக நிற்கும். ஓவியர் வரைந்த மூலப்படம் இந்த வேலையில் அழிந்தே போய்விடும்! இப்படிக் கிடைப்பது கோட்டுக் கட்டை.

பலகைக்கு அவர்கள் விரும்பியது மலைச் செர்ரி மரம். காரணம் என்ன? தேக்கு மரத்தின் குறுக்கு வெட்டைப் பார்த்தால், துளைகள் வளையம் வளையமாகக் கூடியும் குறைந்தும் இருக்கும். செர்ரி மரத்தில் துளைகள் மிகச் சிறியவை. பெரும்பாலும் ஒரே சீராகப் பரவியவை. மரம் கடினமானது. எனவே தலைமயிர் போன்ற மெல்லிய கோட்டைச் செதுக்கினாலும் எளிதில் உடையாது. ஈரம் பட்டாலும் அதிகம் வளையாது.

கோட்டுக் கட்டையிலிருந்து சில கறுப்புப் பிரதிகள் எடுப்பார்கள். ஓவியர் ஒரு பிரதியில் தோரி வாயிலைக் காட்டி 'இங்கே சிவப்பு' என்று குறிப்பார். இன்னொரு பிரதியில் குளத்தைக் காட்டி 'இங்கே நீலம்' என்பார். அந்தப் பிரதிகளைப் புதிய பலகைகளில் கவிழ்த்து ஒட்டி, நிறத்துக்கு ஒரு கட்டையாகச் செதுக்குவார்கள். செர்ரிப் பலகை விலை கூடியது. எனவே இரண்டு பக்கமும் செதுக்கிப் பயன்படுத்துவதும் உண்டு. இப்படிப் பல கட்டைகளால் அச்சிட்ட முழு வண்ணப்படங்கள் 1765ஆம் ஆண்டு வாக்கில் எடோவில் பரவின. பட்டுச்சரிகைத் துணி போல இருக்கிறதே என்று வியந்து, மக்கள் அவற்றுக்குச் 'சரிகைப் படங்கள்' என்று பெயரிட்டார்கள்.

இப்பொழுது ஒரு கேள்வி. ஒரு படத்துக்குப் பத்துக் கட்டைகள் என்று வைத்துக்கொள்வோம். ஒரே தாளைப் பத்துக் கட்டைகளின் மேலும் ஒவ்வொன்றாக வைத்து எடுக்க வேண்டும். பத்து முறையும் தாள் அதே இடத்தில் அமர வேண்டும். எப்படி?

கெந்தோ என்னும் சிறு மேடு

விடை மிக எளியது. கோட்டுக் கட்டையைச் செதுக்கும்போதே, படத்துக்கு வெளியே, ஒரு மூலையில் 'ட' வடிவில் ஒரு சிறு அடையாளத்தைச் செதுக்கிவிடுவார்கள். அதே விளிம்பில் கொஞ்சம் தள்ளி, நேர்கோடாக இன்னொரு அடையாளம். இவ்விரண்டுக்கும் 'கெந்தோ' என்று பெயர். தாளின் மூலை முதல் அடையாளத்தில் சென்று முட்டும். தாளின் விளிம்பு இரண்டாவது அடையாளத்தில் முட்டும். ஒரு தாளை அசையாமல் ஓரிடத்தில் நிறுத்த இந்த இரண்டும் போதும். ஒரு மூலையும் ஒரு விளிம்பும் நிலையாகிவிட்டால், தாள் நகரவும் முடியாது, திரும்பவும் முடியாது. வடிவியல் படித்த உங்களுக்கு இது எளிதில் விளங்கும்.

இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. அடையாளம் வேறு ஒரு சட்டத்தில் இல்லை, கட்டையிலேயே இருக்கிறது. கோட்டுக் கட்டையிலிருந்து எடுத்த பிரதியில் படத்துடன் கெந்தோவும் சேர்ந்து அச்சாகும். அந்தப் பிரதியை ஒட்டித்தானே நிறக் கட்டைகளைச் செதுக்குகிறார்கள்? ஆகவே படத்துக்கும் கெந்தோவுக்கும் இடையே உள்ள தூரம் எல்லாக் கட்டைகளிலும் ஒன்றாகவே இருக்கும்.

நம் நாட்டிலும் மசூலிப்பட்டினத்துக் கலம்காரித் துணிகளில் நிறத்துக்கு ஒரு கட்டை வைத்து அச்சிடுவது உண்டு. அங்கே துணி நகராது, கட்டை நகரும். இங்கே கட்டை நகராது, தாள் நகரும். பொருத்த வேண்டிய சிக்கல் இரண்டிலும் ஒன்றுதான்.

காவலூர் போன்ற வானாய்வகங்களில் எடுக்கும் படங்களுக்குக் கெந்தோ எது? விண்மீன்களே! மூன்று படங்களிலும் உள்ள அதே விண்மீன்களைத் தேடிப் பிடித்து, அவை ஒன்றன் மேல் ஒன்று விழும்படி படங்களை நகர்த்தியும் திருப்பியும் சரிசெய்கிறார்கள்.

ஆனால் ஒரு வேறுபாட்டை மறந்துவிடக் கூடாது. தொலைநோக்கிப் படத்தைத் திரையில் காட்டும்போது ஒளிகள் கூடுகின்றன. சிவப்பு ஒளியும் பச்சை ஒளியும் சேர்ந்தால் மஞ்சள் தோன்றும். மூன்றும் சேர்ந்தால் வெள்ளை. மை அப்படியல்ல. ஒவ்வொரு மையும் வெள்ளை ஒளியிலிருந்து சில நிறங்களை விழுங்கிவிட்டு மிச்சத்தைத்தான் நம் கண்ணுக்கு அனுப்புகிறது. மஞ்சள் மையின் மேல் நீல மையை அச்சிட்டால் பச்சை கிடைப்பது இதனால்தான். இதைத் தெரிந்துகொண்ட அச்சுக்காரர்கள், பச்சைக்குத் தனி மை இல்லாமலே கோயில் தோப்புகளைப் பசுமையாக்கினார்கள்.

தாளுக்கு ஏன் ஈரம்?

அச்சிடும் தாள் 'கோசோ' என்னும் காகித முசுக்கட்டைச் செடியின் பட்டையிலிருந்து செய்யப்படுகிறது. இதன் நார்கள் நீளமானவை. எனவே தாள் மெல்லியதாக இருந்தாலும் பலமானது. மை ஊறிப் பரவாமல் இருக்க விலங்குப் பசையும் படிகாரமும் கலந்த நீரை அதன் மேல் பூசுவார்கள்.

அச்சிடும் முன் தாளை லேசாக நனைத்து வைப்பார்கள். கட்டையின் மேல் தூரிகையால் நிறத்தையும் அரிசிப் பசையையும் தேய்த்து, தாளை வைத்து, அதன் முதுகில் 'பாரென்' என்னும் வட்டமான தேய்ப்பானால் அழுத்தித் தேய்ப்பார்கள். மூங்கில் மடலால் மூடிய தட்டு அது. அதனுள்ளே மூங்கில் மடல் நாரால் திரித்த கயிறு சுருள் சுருளாக இருக்கும். ஈரமான நார்களுக்குள் நிறம் இறங்கிவிடும். படத்தைத் திருப்பிப் பார்த்தால் பின்புறத்திலும் நிறம் தெரியும்!

ஆனால் ஈரம் ஓர் எதிரியும் ஆகும். நார் நீரைக் குடித்தால் பருக்கும்; உலர்ந்தால் சுருங்கும். தாளின் நீளம் 39 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். பாதி வேலையில் தாள் உலர்ந்து நூற்றில் ஒரு பங்கு சுருங்கினால் எவ்வளவு குறையும்? கணக்குப் போட்டுப் பாருங்கள். ஏறத்தாழ 4 மில்லிமீட்டர்! கெந்தோ எவ்வளவு சரியாக இருந்தும் பயன் என்ன? கோயில் கூரையின் நிறம் ஆகாயத்துக்குப் போய்விடும். எனவே எல்லா நிறங்களும் ஏறி முடியும்வரை தாள்களை ஈரத்துணிகளுக்கு நடுவே வைத்து, ஒரே அளவு ஈரத்தில் காப்பாற்றுவார்கள். வெயில் நாள், மழை நாள் பார்த்து ஈரத்தைக் கூட்டுவதும் குறைப்பதும் அச்சிடுபவரின் கைப்பழக்கம்.

பெர்லினிலிருந்து வந்த நீலம்

பழைய படங்களின் நிறங்கள் பல, செடிகளிலிருந்து எடுக்கப்பட்டவை. குசும்பாப் பூவிலிருந்து ஒரு சிவப்பு. ஒரு சிறு நீலப் பூவிலிருந்து ஒரு நீலம். இவை பார்க்க அழகானவை. ஆனால் வெளிச்சம் பட்டால் மெல்ல மெல்ல வெளிறிவிடும். ஒளியின் ஆற்றல் அந்த நிறங்களின் மூலக்கூறுகளை உடைத்துவிடுகிறது. கறுப்புக் கோடுகள் மட்டும் அப்படியே இருக்கும். ஏனென்றால் அந்த மை புகைக்கரி. கரியை வெளிச்சம் ஒன்றும் செய்வதில்லை.

பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜெர்மனியின் பெர்லின் நகரில் ஒரு புது நீலம் உண்டாக்கப்பட்டது. இரும்பும் சயனைடும் சேர்ந்த வேதிப்பொருள் அது. பிரஷ்ய நீலம் என்று பெயர். இது கப்பலேறி ஜப்பானுக்கு வந்தது. 1830ஆம் ஆண்டை ஒட்டி மரக்கட்டைப் படங்களில் தாராளமாகப் பயன்படத் தொடங்கியது. கோயில் குளங்களும் மாலை வானமும் ஆழ்ந்த நீலமாயின. கட்டையின் மேல் ஈரத்துணியால் துடைத்து, நிறத்தை ஒரு பக்கம் அடர்த்தியாகவும் மறுபக்கம் மெலிதாகவும் மறைந்துபோகும்படி செய்வார்கள். அடிவானத்தில் வெளுத்து, உச்சியில் கறுத்து நிற்கும் அந்தி வானத்தை இப்படித்தான் அச்சிட்டார்கள். இதில் ஒவ்வொரு தாளுக்கும் கட்டையைப் புதிதாகத் துடைக்க வேண்டும். இரண்டு படங்கள் நூற்றுக்கு நூறு ஒன்றாக இருப்பதில்லை.

நிலநடுக்கத்துக்குப் பின் ஓர் ஓவியர்

1855ஆம் ஆண்டு நவம்பர் 11ஆம் தேதி இரவு எடோ நகரைப் பெரும் நிலநடுக்கம் தாக்கியது. அதைத் தொடர்ந்து தீ. ஆயிரக்கணக்கானோர் இறந்தனர். மர வீடுகளும் கோயில்களும் விழுந்தன, எரிந்தன.

அடுத்த ஆண்டே ஹிரோஷிகே என்ற ஓவியர் ஒரு பெரிய வேலையைத் தொடங்கினார். எடோ நகரின் புகழ்பெற்ற நூறு காட்சிகளை வரைவது என்று. 1856 முதல் 1858இல் தாம் இறக்கும்வரை வரைந்தார். பெயர்தான் நூறு, படங்கள் நூற்றுக்கும் மேல். அவற்றில் பல, கோயில்களும் அவற்றின் சுற்றுப்புறங்களும்.

ஒரு படத்தைப் பார்ப்போம். அசாகுசா பேட்டையில் உள்ள சென்சோஜி என்ற புத்தர் கோயில். மேலே, கண்ணுக்கு வெகு அருகில், ஒரு மாபெரும் சிவப்பு விளக்குக் கூடு. அதற்குக் கீழே வெண்பனி மூடிய பாதை. குடை பிடித்துச் செல்லும் மக்கள். தூரத்தில் சிவப்பு வாயிலும் ஐந்து அடுக்குக் கோபுரமும். சரி, இந்தப் படத்தில் வெண்பனிக்கு எந்த நிறக் கட்டை? எந்தக் கட்டையும் இல்லை! தாளின் வெண்மைதான் பனி. மை படாமல் விட்ட இடம்தான் பனி.

நிலநடுக்கத்தில் அந்தக் கோபுரத்தின் உச்சியில் இருந்த உலோகக் கம்பம் வளைந்துபோயிருந்தது. பிறகு அதைச் சரிசெய்தார்கள். 1856இல் வெளிவந்த இந்தப் படத்தில் அது நேராக நிற்கிறது. நம் கோயில் மீண்டும் எழுந்துவிட்டது என்று ஊராருக்குச் சொல்வதுபோல!

ஆனால் கதை அங்கே முடியவில்லை. அந்த விளக்குக் கூடு தொங்கிய முன்வாயிலின் பெயர் காமினாரிமோன், அதாவது இடி வாயில். படம் வெளிவந்து ஒன்பதே ஆண்டுகளில், 1865இல், அது தீயில் எரிந்தது. மறுபடி நிலையாகக் கட்டப்பட்டது 1960இல்தான். 95 ஆண்டுகள் வாயில் இல்லாமலே மக்கள் கோயிலுக்குப் போனார்கள். 1945 மார்ச் மாதம், இரண்டாம் உலகப் போரின் குண்டு வீச்சில் கோயிலின் பெரிய மண்டபமும் ஐந்து அடுக்குக் கோபுரமும் எரிந்தன. மண்டபம் 1958இலும் கோபுரம் 1973இலும் திரும்பக் கட்டப்பட்டன. பெரிய மரக் கட்டடங்கள் அழிந்த இடத்தில், மெல்லிய தாள் பிழைத்திருந்தது!

படத்தைப் பார்த்து வளர்ந்த மரம்

படம் வெறும் நினைவுப் பொருள்தானா? இல்லை. எடோவின் உவேனோ குன்றில் கியோமிசு என்ற கோயில் மண்டபம் உண்டு. அதன் முன்னே ஒரு பைன் மரம் இருந்தது. அதன் கிளை ஒன்று முழு வட்டமாக வளைந்திருக்கும். 'நிலாப் பைன்' என்று மக்கள் அதை அழைத்தார்கள். ஹிரோஷிகே அதையும் வரைந்தார். பிற்காலத்தில் புயலில் மரம் போய்விட்டது. நூறு ஆண்டுகளுக்கும் மேலாக அது இல்லை.

2012ஆம் ஆண்டு, ஹிரோஷிகேயின் படத்தைப் பார்த்து, கிளையை வட்டமாக வளைத்த ஒரு பைன் மரத்தை அதே இடத்தில் மறுபடியும் நட்டார்கள். இன்று அந்த வட்டத்தின் வழியே பார்த்தால், கீழே குளத்தின் நடுவில் பென்டென் கோயில் தெரியும். பென்டென் யார் தெரியுமா? புத்த சமயத்தோடு நம் நாட்டிலிருந்து பயணப்பட்டுப் போன சரஸ்வதியேதான்!

நூடுல்ஸ் விலைக்கு விற்ற ஒரு தாள் இல்லாவிட்டால், அந்த மரத்தின் வளைவு எப்படி இருந்தது என்று யாருக்குத் தெரிந்திருக்கும்?

மதுரையும் ஒரு படம் ஆயிற்று

இந்தக் கலை நம் தமிழ்நாட்டையும் தொட்டிருக்கிறது. யோஷிடா ஹிரோஷி என்ற ஓவியர் 1876இல் பிறந்தார். எண்ணெய் வண்ணத்திலும் நீர் வண்ணத்திலும் தேர்ந்தவர். 1920இல் அவர் வரைந்த முதல் மரக்கட்டைப் படமே ஓர் ஆலயத்தைச் சேர்ந்ததுதான். டோக்கியோவில் அப்போது புதிதாக எழுந்த மெய்ஜி ஆலயத்தின் தோட்டம் அது. அந்த ஆலயமும் 1945இல் குண்டு வீச்சில் எரிந்து, 1958இல் மீண்டும் கட்டப்பட்டது.

1923 செப்டம்பர் 1ஆம் தேதி டோக்கியோவை மறுபடியும் பெரும் நிலநடுக்கம் தாக்கியது. பதிப்பாளரின் கடை எரிந்தது. யோஷிடாவின் கட்டைகளும் சாம்பலாயின. அவர் சோர்ந்துவிடவில்லை. 1925இல் தம் சொந்தப் பட்டறையைத் தொடங்கினார். ஓவியர் வரைந்து கொடுத்துவிட்டு ஒதுங்கிவிடும் பழைய வழக்கத்தை விட்டார். செதுக்கவும் அச்சிடவும் தாமே கற்றார். செதுக்குபவர்களையும் அச்சிடுபவர்களையும் தம் அருகில் வைத்து வேலை வாங்கினார்.

பாய்மரப் படகுகளைக் காட்டும் ஒரே கட்டைகளைக் கொண்டு, நிறங்களை மட்டும் மாற்றி, காலை, முற்பகல், பிற்பகல், மூடுபனி, மாலை, இரவு என்று 1926இல் ஆறு படங்கள் எடுத்தார். காட்சி ஒன்று, ஒளி ஆறு! 1937இல் நிக்கோ ஊரின் தோஷோகு ஆலய வாயிலை வரைந்தார். எண்ணற்ற செதுக்கு வேலைப்பாடுகள் நிறைந்த வாயில் அது. அந்த ஒரு படத்துக்கு 96 முறை அச்சு ஏறியது. நூறு பிரதிகள் எடுப்பதாக வைத்துக்கொண்டால் 9,600 முறை தாளைக் கெந்தோவில் பொருத்தித் தேய்க்க வேண்டும்! 95 முறை சரியாகப் பொருத்திவிட்டு ஒரு முறை பிசகினாலும் தாள் வீண்தான்.

இவர் 1930ஆம் ஆண்டின் இறுதியில், மகன் தோஷியுடன் இந்தியாவுக்குக் கப்பலேறினார். போகும் இடங்களிலெல்லாம் வரைந்தார். தாஜ்மகாலைக் காலைப் பனியிலும் நிலவு இரவிலும் பார்த்தார். காசிப் படித்துறை, அமிர்தசரஸ் பொற்கோயில், சாஞ்சி ஸ்தூபியின் வாயில், மதுரைப் பெருங்கோயில் ஆகியவை அவர் கண்ணில் பட்டன. ஊர் திரும்பியபின் 1931, 1932ஆம் ஆண்டுகளில் அவை மரக்கட்டைப் படங்களாக வெளிவந்தன. மதுரைக்காரர்கள் தினமும் கடந்து செல்லும் கோயில், ஜப்பானில் செர்ரிப் பலகையில் செதுக்கப்பட்டு, கோசோத் தாளில் ஏறி, உலகமெங்கும் போய்ச் சேர்ந்தது.

மதுரைக் கோயிலைத் தேடி வர ஓர் ஓவியர் இருந்தார். உங்கள் தெரு முனையில் இருக்கும் மாரியம்மன் கோயிலுக்கு யார் வருவார்கள்? ஜவ்வாது மலைக் கிராமம் ஒன்றில் மரத்தடியில் இருக்கும் தெய்வத்துக்கு யார் வருவார்கள்? அங்கே நிலநடுக்கம் வர வேண்டும் என்பதில்லை. சாலை அகலமாகும், ஆலமரம் விழும், திருப்பணி நடக்கும், ஓட்டுக் கூரை போய்க் காங்கிரீட் வரும். பத்து ஆண்டுகளில் எல்லாம் மாறிவிடும். பழையது எப்படி இருந்தது என்று கேட்டால் பெரியவர்களும் தடுமாறுவார்கள். அங்கே ஓவியராக வேண்டியவர் நீங்கள்தான்.

செய்து பாருங்கள்

தேவையானவை: ஒரே அளவுள்ள மூன்று மெல்லிய ஃபோம் அட்டைகள், பால்பாயிண்ட் பேனா, வெள்ளைத் தாள்கள், நீர் வண்ணம், சிறிது கஞ்சிப் பசை, ஒரு கரண்டி, கெட்டி அட்டைத் துண்டுகள்.

1. உங்கள் தெருக் கோயிலுக்கு நேரில் சென்று வரைந்து வாருங்கள். கோயில், மரம், மணி, விளக்குத் தூண் எதையும் விடாதீர்கள். பெரிய, எளிய வடிவங்களாக வரையுங்கள்.

2. படத்தை ஜன்னல் கண்ணாடியில் கவிழ்த்து வைத்து, பின்புறம் தெரியும் கோடுகளை இன்னொரு தாளில் எடுங்கள். இடவலம் மாறிய படம் கிடைக்கும். அதை மூன்று அட்டைகளிலும் ஒரே இடத்தில் வருமாறு வைத்து, பேனாவால் லேசாக நகலெடுங்கள்.

3. முதல் அட்டை மஞ்சளுக்கு, இரண்டாவது சிவப்புக்கு, மூன்றாவது நீலத்துக்கு. எந்த நிறம் வர வேண்டுமோ அந்த இடத்தை மட்டும் மேடாக விட்டு, மற்ற இடங்களைப் பேனாவால் நன்றாக அழுத்திப் பள்ளமாக்குங்கள். மரத்தின் இலைகளை மஞ்சள் அட்டையிலும் நீல அட்டையிலும் மேடாக விடுங்கள். பச்சை தானே வரும்.

4. ஒரு பெரிய அட்டையின் மேல் கெட்டி அட்டைத் துண்டுகளால் 'ட' வடிவ மூலை ஒன்றும் நேர் விளிம்பு ஒன்றும் ஒட்டுங்கள். இதுதான் உங்கள் கெந்தோ. ஃபோம் அட்டை எப்போதும் ஒரே இடத்தில் அமர்வதற்கு அதன் நான்கு மூலைகளையும் குறித்துக்கொள்ளுங்கள்.

5. வண்ணத்தில் கஞ்சிப் பசை கலந்து அட்டையில் தடவுங்கள். லேசாக ஈரமான தாளைக் கெந்தோவில் முட்ட வைத்து இறக்கி, கரண்டியின் முதுகால் தேய்த்து எடுங்கள். முதலில் மஞ்சள், பிறகு சிவப்பு, கடைசியில் நீலம்.

முதல் நாலைந்து தாள்களில் நிறங்கள் விலகித்தான் போகும். எந்தப் பக்கம், எத்தனை மில்லிமீட்டர் விலகியது என்று அளவுகோலால் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். எல்லாத் தாள்களிலும் ஒரே பக்கம் விலகினால் குறை கெந்தோவில். ஒவ்வொரு தாளிலும் ஒவ்வொரு விதமாக விலகினால் குறை தாளின் ஈரத்திலோ உங்கள் கையிலோ. இதைக் கண்டுபிடித்துத் திருத்துவதுதான் இந்தச் சோதனையின் முக்கியப் பகுதி.

நல்ல பிரதி கிடைத்ததும் அதன் பின்புறம் கோயிலின் பெயர், தெரு, ஊர், தேதி ஆகியவற்றைக் கரி பென்சிலால் எழுதுங்கள். கரி வெளுக்காது என்பது நினைவிருக்கிறது அல்லவா? ஒரு பிரதியைக் கோயில் பூசாரியிடம் கொடுங்கள். ஒன்றைப் பள்ளி நூலகத்தில் வையுங்கள். வெயில் படாத இடமாகப் பார்த்து வையுங்கள்.